2004-இல் நின்ற வீடு இனியும் நிற்குமா?

மழை ஓய்ந்து பொங்கல் நெருங்கிவிட்டால் நம் தீவில் பெயின்ட் டப்பாவும் சாரமும் வெளியே வந்துவிடும். கராச்சர்மாவிலிருந்து ஜங்லிகாட் வரை எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் சிமென்ட் கலவை குழைத்துக் கொண்டிருப்பார்கள். பண்டிகைக்கு முன் வீட்டைச் சீர்செய்வது நம் மக்களின் நல்ல பழக்கம். அதை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கலவை எந்த இடத்தில் அப்பப்படுகிறது என்பதுதான் என் கவலை. வரவேற்பறையின் மேல்தளத்தில் காரை பெயர்ந்து, உள்ளே இருக்கும் கம்பி செந்நிறத்தில் உரிந்து நிற்கிறது. கொத்தனார் ஒரு கம்பித் தூரிகையால் இரண்டு தேய் தேய்க்கிறார். பிறகு கலவையை அப்பி, மட்டப்பலகையால் இழுத்து, மறுநாள் வெள்ளையடித்து விடுகிறார். வீட்டுக்காரருக்கும் மனநிறைவு, கொத்தனாருக்கும் கூலி. மூன்று மழை கழிந்ததும் அதே இடத்தில், முன்பைவிடப் பெரிய துண்டாக, அது மீண்டும் விழுகிறது.

நான் பட்டம் பெற்ற பொறியாளன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் போர்ட் பிளேயரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கட்டட வேலைகளில் மேஸ்திரியாகவும் மேற்பார்வையாளனாகவும் இருந்தவன். (2024 செப்டம்பரில் நம் நகரத்துக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள். பழைய பெயர் நாவில் ஒட்டிக்கொண்டு விட்டதால் அதையே எழுதுகிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.) அந்த அனுபவத்தின் பேரில் ஒரு கருத்தை நம் சங்கத்தார் முன் வைக்க விரும்புகிறேன். சிலருக்கு அது கசப்பாக இருக்கலாம். நம்மவர்கள் 1980களிலும் 1990களிலும் கட்டிய கான்கிரீட் வீடுகளில் பல, பூச்சு வேலையால் காப்பாற்றக்கூடிய நிலையைத் தாண்டிவிட்டன. அவற்றில் எதை மாற்ற வேண்டும், எதை இறக்க வேண்டும், எதை இடித்துத் தள்ள வேண்டும் என்று இப்போதே முடிவு செய்யாவிட்டால், அந்த முடிவை ஒருநாள் பூமி செய்துவிடும்.

இப்படிச் சொன்னால் உடனே வரும் பதில் எனக்கு மனப்பாடம். "அண்ணே, 2004-ஐயே பார்த்த வீடு இது. அதுக்கே அசையலே, இனி என்ன ஆகப் போகுது?" இந்தப் பதிலுக்கு மறுமொழியாகத்தான் இக்கட்டுரையையே எழுதுகிறேன். அதற்கு முன், இந்த வீடுகள் எப்படிக் கட்டப்பட்டன என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இங்கு முதலில் வந்த நம் முன்னோர் கட்டியவை மர வீடுகள். தரையிலிருந்து சற்று உயர்த்திய மரத் தூண்கள், பலகைச் சுவர், மேலே தகரம். 1883 முதல் சாத்தம் மர அறுவை ஆலை ஓடிய ஊரில் மரத்துக்குப் பஞ்சமில்லை. கையில் நாலு காசு சேர்ந்ததும் எல்லோருக்கும் வந்த ஆசை ஒன்றே ஒன்று: தளம் போட்ட வீடு! மர வீடு என்றால் ஏழை வீடு, கான்கிரீட் என்றால் கௌரவம் என்று ஆகிவிட்டது. ஊரிலிருந்து பெண் கொடுக்க வருபவர்கள்கூடத் தகரக் கூரையைப் பார்த்துத் தயங்கிய காலம் அது. பின்னர் 2002-இல் உச்ச நீதிமன்றம் தீவுகளின் காடுகளைக் காப்பதற்காக மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியபோது மரத்தின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. கான்கிரீட்டைத் தவிர வேறு வழியில்லை என்ற எண்ணம் உறுதிப்பட்டது.

அந்தக் கான்கிரீட்டுக்கு வேண்டிய மணல் எங்கிருந்து வந்தது? இங்கே காவிரியும் இல்லை, பாலாறும் இல்லை. கடற்கரை மணல்தான். அது அன்று திருட்டு மணலும் அல்ல, அனுமதியோடு எடுக்கப்பட்டதே. அதே 2002 மே மாத உத்தரவில்தான் உச்ச நீதிமன்றம் கடற்கரை மணல் எடுப்பதை ஆண்டுதோறும் குறைந்தது 20 விழுக்காடு குறைத்து, ஐந்தாண்டுக்குள் மூன்றில் ஒரு பங்காக்க வேண்டும் என்றது. கடற்கரைகள் அரிக்கப்படுகின்றன, ஆமைகள் முட்டையிட இடமில்லை என்பவை அதற்குக் காரணங்கள். நம் வீட்டுக் கம்பிக்கும் அது நல்லதாயிற்று என்பதை நம்மில் பலர் உணரவில்லை. மணல் கிடைக்கவில்லையே என்று புலம்பியவர்கள்தாம் அதிகம்.

கடல் மணலில் உப்பு இருக்கிறது. நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவினால் அதில் பெரும்பகுதி போய்விடும். பிரிட்டன் போன்ற நாடுகளில் கடலுக்கடியிலிருந்து அள்ளிய மணலைக் கழுவி இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கோடையில் குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று விரல்விட்டு எண்ணும் நம் ஊரில், மணலைக் கழுவ நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? குடிக்கவே தனிக்காரி அணையை நம்பி இருந்தோம். கலவைக்குக் கடலோரக் கிணற்றின் உவர்நீரை ஊற்றிய இடங்களும் உண்டு. சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் கப்பலில் வந்து, ஈரக் காற்றில் கிடந்து, மூட்டைக்குள்ளேயே கட்டிதட்டிய சிமென்ட்டை உடைத்துச் சலித்துப் போட்டார்கள். கம்பி வந்திறங்கும்போதே துருவோடுதான் இறங்கும். இத்தனைக்கும் மேல் ஆண்டில் ஏழெட்டு மாதம் மழை, மற்ற நாளெல்லாம் உப்புக் காற்று! யாரையும் குற்றம் சொல்வதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. கிடைத்ததை வைத்துக் கட்டினோம். கட்டியது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சிமென்ட்டின் காரத்தன்மை அதன்மேல் ஒரு மெல்லிய படலமாக நின்று காக்கும். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஓட்டை போட்டுவிடும். பிறகு ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு தொடங்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை என்பார்கள். இடம் கேட்டு உள்ளிருந்து நெருக்கும்போது கான்கிரீட் வெடிக்கிறது. ஆக, மேலே பெயர்ந்து விழும் காரைதான் நோய் என்று நாம் நினைக்கிறோம். நோய் உள்ளே கம்பியில் இருக்கிறது. துருவின் மேலேயே புதுப் பூச்சைப் போட்டால், காய்ச்சல்காரனுக்குப் புதுச்சட்டை போட்ட கதைதான். இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. உப்பேறிய பழைய கான்கிரீட்டின் நடுவே ஒரு திட்டு மட்டும் புதுக் கலவை வைத்தால், சில சமயம் அதன் ஓரத்தில் உள்ள கம்பி முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கிறது. திரும்பத் திரும்பப் பூசிய இடத்தைச் சுற்றியே புதுப்புது வெடிப்பு வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இதோடு கம்பிக்கு மேலே இருக்க வேண்டிய கான்கிரீட்டின் கனத்தையும் பாருங்கள். நம் நாட்டுக் கான்கிரீட் விதிமுறையான ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில், கடலோரச் சூழலில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மறைப்பு வேண்டும் என்கிறது. நம் பழைய வீடுகளில் தளத்தை உடைத்துப் பார்த்தால் அரை அங்குலம் இருந்தாலே பெரிது. கம்பி கட்டுபவர் கவர் பிளாக் வைக்காமல் ஜல்லிக்கல்லை வைத்துத் தூக்கி நிறுத்திய காலம் அது. சில இடங்களில் கம்பி நேரே சென்ட்ரிங் பலகையின் மேலேயே படுத்திருக்கும்.

இனி பூமிக்கு வருவோம். நாம் குடியிருக்கும் இடம் எப்படிப்பட்டது என்று சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1881 டிசம்பர் 31-இல் கார் நிக்கோபார் அருகே பெரிய நடுக்கம். 1941 ஜூன் 26-இல் வந்த நடுக்கத்தில் செல்லுலார் சிறையின் பகுதிகள் சேதமுற்றன, ராஸ் தீவின் கட்டடங்களும் பழுதடைந்தன. 2002 செப்டம்பர் 14 அதிகாலையில் 6.5 அளவில் டிக்லிப்பூர் பக்கம் குலுங்கியது. 2004 டிசம்பர் 26-ஐப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கும் குடும்பங்களில் அன்று யாரையாவது இழக்காதவர்கள் குறைவு. கச்சாலில் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய இலங்கை மலையகத் தமிழர் குடும்பங்களின் கதை நம் எல்லோருக்கும் தெரிந்ததே. பிறகு 2009 ஆகஸ்ட் 11 அதிகாலையில் கோகோ தீவுகள் அருகே 7.5. அன்று சென்னையிலும் மக்கள் வீட்டை விட்டு வெளியே ஓடி வந்தார்கள். தேசிய நிலநடுக்க வரைபடத்தில் பல்லாண்டுகளாக இந்தத் தீவுகள் முழுவதும் மிகக் கூடுதல் அபாயமுள்ள ஐந்தாம் மண்டலமாகவே குறிக்கப்பட்டு வந்திருக்கின்றன.

சரி, 2004-இல் நின்ற வீட்டுக்கு வருகிறேன்.

அன்றைய நடுக்கத்தின் அளவு 9.1-க்கு மேல். இதைக் கேட்டதும், 9-ஐத் தாங்கிய வீடு இனி வரும் 6-க்கும் 7-க்கும் அசையாது என்று கணக்குப் போடுகிறோம். இந்தக் கணக்கு தவறு. அந்த 9 என்பது நடுக்கம் முழுவதும் வெளியிட்ட ஆற்றலின் அளவு. பிளவு தொடங்கிய இடம் சுமத்ரா அருகே, நம்மிடமிருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே. பிளவு நம் தீவுகளின் அடிவரை நீண்டு வந்தது உண்மை. ஆனால் போர்ட் பிளேயர் வீடுகள் உணர்ந்த அதிர்வை ஆய்வாளர்கள் பன்னிரண்டு படி அளவுகோலில் ஏழாம் படி என்றே மதிப்பிட்டார்கள். ஐந்தாம் மண்டலத்துக் கட்டடம் ஒன்பதாம் படியையும் அதற்கு மேலும் எதிர்பார்த்திருக்க வேண்டும். நம்மை அன்று அழித்தது பெரும்பாலும் கடல். தரை ஆட்டத்தின் முழுப் பலத்தையும் இந்த நகரத்து வீடுகள் இன்னும் பார்க்கவில்லை. பக்கத்திலேயே, ஆழம் குறைவாக ஒரு 7 வந்தால் அது 2004-ஐவிடக் கடுமையாக இந்தத் தெருக்களை உலுக்கலாம்.

இரண்டாவது, அன்று நின்ற வீடு இன்று இருக்கும் வீடு அன்று. இருபது ஆண்டுக்கு மேல் துரு தின்றிருக்கிறது. 12 மில்லிமீட்டர் கம்பி துருவில் தேய்ந்து 10 ஆகிவிட்டால் இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பலம் அதன் குறுக்குப் பரப்பில் இருக்கிறது. பரப்பில் முப்பது விழுக்காடு போய்விட்டது! தூணில் நெட்டுக் கம்பிகளைச் சுற்றிப் போடும் ரிங் கம்பிகள் அன்றைய வீடுகளில் 6 மில்லிமீட்டர். அது 4 ஆகிவிட்டால் பாதிக்கு மேல் காலி. ரிங்தான் வெளிப்புறமாக இருப்பது, ரிங்தான் மெல்லியது, ஆகவே முதலில் போவதும் அதுதான். நிலநடுக்கத்தில் தூணின் உள்ளே இருக்கும் கான்கிரீட்டை நொறுங்கிச் சிதறாமல் கட்டிப் பிடிப்பதும் அதே ரிங்தான். சாதாரண நாளில் அந்த ரிங்குக்குப் பெரிய வேலை இல்லை. அதனால்தான் ரிங் அறுந்த தூணும் ஆண்டுக்கணக்கில் ஒன்றும் நடக்காததுபோல் நின்றுகொண்டிருக்கிறது. நாமும் வீடு உறுதியாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குகிறோம்.

மூன்றாவது, 2004-இல் விழுந்த மயிரிழை வெடிப்புகளைப் பெரும்பாலோர் பூசி மறைத்தோம். அந்த வெடிப்புகள் உப்பு ஈரம் உள்ளே போகும் வாசல்களாயின. அன்று நகரப் பகுதியின் தரையே ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்துபோனது. சிப்பிகாட்டில் வயல்களும் வீடுகளும் உப்புத் தண்ணீரில் நின்றதை மறக்க முடியாது. தாழ்ந்த பகுதிகளில் அஸ்திவாரங்கள் முன்பு பார்க்காத உப்பை இப்போது பார்த்துக்கொண்டிருக்கின்றன.

2004-க்குப் பின் இங்கு வந்து தீவு தீவாகப் பார்த்த கான்பூர் ஐ.ஐ.டி. குழுவினர் எழுதியதை நம் ஆட்கள் அதிகம் கேள்விப்பட்டதில்லை. பழைய மர வீடுகள் ஆட்டத்தை நன்றாகவே தாங்கின, பின்னால் வந்த கான்கிரீட் கட்டடங்கள் பலவற்றில்தான் கம்பி கட்டிய முறையும் வேலைத் தரமும் மோசம் என்பது அவர்கள் கண்டது. கௌரவத்துக்காக நாம் விட்டு வந்த வீடு பத்திரமான வீடாக இருந்திருக்கிறது!

வெளிநாட்டிலும் இது நடந்திருக்கிறது. 1999 ஆகஸ்ட் 17-இல் துருக்கியின் இஸ்மித் பகுதியில் வந்த நடுக்கத்தில் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிந்த அடுக்குமாடிகளின் கான்கிரீட்டில் சிப்பி ஓடுகள் அப்படியே இருந்ததை உலகமே பார்த்தது. கழுவாத கடல் மணல்! தைவானில் கடல்மணல் வீடு என்பதற்குத் தனிச் சொல்லே உண்டு. அப்படிப்பட்ட வீடுகளைச் சோதித்து, இடித்துக் கட்டுவதற்கு அங்கே அரசு ஏற்பாடுகள் இருக்கின்றன. நம் ஊரில் அந்தச் சொல்லும் இல்லை, ஏற்பாடும் இல்லை. உங்கள் வீட்டில் பெயர்ந்து விழுந்த காரைத் துண்டை ஒருமுறை கையிலெடுத்துப் பாருங்கள். வெள்ளைத் துணுக்குகள் தெரிந்தால் அது சிப்பி.

இத்தனைக்கும் நடுவில், நம்மவர்கள் செய்யும் ஒரு காரியம் எனக்குப் பெரும் அச்சத்தைத் தருகிறது. முப்பது வருடத்துக்கு முன் ஒரு மாடிக்காகப் போட்ட தூணின் மேல், வாடகைக்காக இன்னொரு மாடி எழுப்புகிறார்கள். அறுநூறு சதுர அடிக்கு நான்கு அங்குலத் தளம் போட்டால் அதன் எடை மட்டும் சுமார் 14 டன். சுவர் தனி. அதற்கும் மேலே ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அது ஒரு டன். நிலநடுக்கம் கட்டடத்தை அதன் எடைக்குத் தக்கபடிதான் தள்ளும். எடை ஏற ஏற அடி பலமாக விழும். கீழ்த்தளத்தில் சுவரை எடுத்துவிட்டுக் கடைக்கும் வண்டி நிறுத்தவும் திறந்து விட்டால் முடிந்தது கதை. 2001 ஜனவரி 26-இல் பூஜ் அருகே நடுங்கியபோது இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் சரிந்த அடுக்குமாடிகளில் பலவற்றின் அடித்தளம் இப்படித் திறந்து கிடந்ததுதான். அந்த மேல்மாடியில் யார் இருக்கிறார்கள்? நம்மைப் போலவே ஊரிலிருந்து பிழைக்க வந்த, சின்னக் குழந்தைகளோடு இருக்கும் இளம் குடும்பம். வாடகை வாங்கும் கைக்கு அவர்கள் உயிரைப் பற்றிய பொறுப்பும் உண்டு.

எல்லா வீட்டையும் இடிக்கச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீட்டுக்கு வீடு நிலை வேறு. தளத்தில் ஓரிடத்தில் பெயர்ந்திருப்பதும் தூணில் வெடிப்பிருப்பதும் ஒன்றல்ல. தளம் முன்கூட்டியே சத்தம் போட்டு எச்சரிக்கும். தூண் பூச்சுக்குள் மறைந்து கிடக்கும். தூணின் மூலையை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு நீண்ட வெடிப்பு இருந்தால் அதுதான் உள்ளே கம்பி போகும் வழி. அங்கே சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டால் உள்ளே பிரிந்துவிட்டது. முதலில் பார்க்க வேண்டியவை குளியலறைக்கு அருகிலுள்ள தூண்கள், தொட்டிக்குக் கீழே உள்ள பீம், கடல் பக்கத்துச் சன்ஷேட். இந்த அளவுக்கு வீட்டுக்காரரே பார்க்கலாம். அதற்கு மேல் முடிவு செய்ய அமைப்புப் பொறியாளர் வேண்டும். கொத்தனாரின் வார்த்தையும் போதாது, என் வார்த்தையும் போதாது.

தளம் மட்டும் கெட்டு, தூணும் பீமும் நன்றாக இருந்தால், முட்டுக் கொடுத்துத் தளத்தை இறக்கிவிட்டு, இரும்புச் சட்டத்தில் தகர ஷீட் போடலாம் என்பது என் கருத்து. 14 டன் இருந்த இடத்தில் ஒரு டன்னைச் சுற்றித்தான் வரும். வீட்டின் தலைச்சுமையே இறங்கிவிடும். சுவர்களை ஒன்றாகக் கட்டிப் பிடிக்கத் தலைமட்டத்தில் கான்கிரீட் பட்டையும், புயல் காற்றுக்குத் தாங்கும்படி ஷீட்டுக்கு நல்ல பிணைப்பும் அவசியம். வெயில் இறங்கும், மழைச் சத்தம் கேட்கும் என்பார்கள். உள்கூரை போட்டுக்கொள்ளலாம். தூண்கள் ஓரளவு கெட்டிருந்தால், பழைய கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி எடுத்து, துருவை முழுக்க நீக்கி, புதுக் கம்பியும் நெருக்கமான ரிங்கும் சுற்றிச் சட்டை போடுவதுபோல் புதுக் கான்கிரீட் போடும் முறை இருக்கிறது. இதற்கென்று ஐ.எஸ். 15988 என்ற விதிமுறையே 2013-இல் வந்துவிட்டது. ரிங்கின் கொக்கியைச் செங்கோணத்தில் விடாமல் 135 பாகை வளைத்து உள்ளே சொருக வேண்டும். கம்பி கட்டுபவர் "எல்லாம் ஒண்ணுதான்" என்பார். ஒன்றல்ல. நடுக்கத்தில் வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் செங்கோணக் கொக்கி திறந்துகொள்ளும். கழுவாத கடல் மணலால் வீடு முழுவதும் உப்பேறி, தூண், பீம், தளம் மூன்றுமே வெடித்துவிட்ட வீட்டில் மட்டும் ஒட்டுப்போடுவதற்குக் காசைக் கொட்ட வேண்டாம். அதை இடித்துச் சின்னதாக, ஒரே தளமாக, லேசாகக் கட்டுவதே புத்திசாலித்தனம்.

பணம்? நியாயமான கேள்வி. நிலத்துக்கு ஒழுங்கான பத்திரம் இல்லாத குடும்பங்கள் நம்மிடையே நிறைய. பத்திரம் இல்லையென்றால் வங்கி திரும்பிப் பார்க்காது. சுனாமியில் வீடிழந்தவர்களுக்கு அரசு ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தர வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. விழாமல் நின்று மெல்ல மெல்ல உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும் வீட்டுக்குத்தான் எந்த நிவாரணக் கணக்கிலும் இடமில்லை. விழுந்த பிறகு கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை விழுமுன் கடனாகவாவது கொடுங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்பது நம் உரிமை.

ஆனால் பணமே இல்லை என்று எல்லோரும் சொல்வதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். இதைச் சொன்னால் பலருக்கு என்மேல் கோபம் வரும், பரவாயில்லை. இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் திருநெல்வேலியிலும் அந்தமான்காரர் வீடு என்று கேட்டால் தெருவே கை காட்டும். கிரானைட் தரை, தேக்கு நிலைக்கதவு, முகப்பில் வளைவு. ஆண்டில் பதினைந்து நாள் திருவிழாவுக்குத் திறக்கிறோம். மீதி நாள் பூட்டு. ஐம்பது வாரமும் மனைவி மக்களோடு உறங்குவது இங்கே, கம்பி தெரியும் தளத்தின் அடியில். "என்றைக்கிருந்தாலும் ஊருக்குத்தானே போகப் போகிறோம், இங்கே எதற்குச் செலவு?" என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பேரப்பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள். ஊர் வீட்டை விற்கச் சொல்லவில்லை. அதற்கு அடுத்த மாடி எழுப்பும் காசை இந்தத் தூணுக்குப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சங்கம் இதில் செய்யக்கூடியது உண்டு. பாகர்காவில் அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. கட்டடப் பொறியியல் படிக்கும் மாணவர்களும் ஆசிரியர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களை அழைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் உறுப்பினர் வீடுகளில் சிலவற்றைப் பார்க்கச் சொல்லலாம். காரம் மிச்சமிருக்கும் கான்கிரீட்டின் மேல் பினாப்தலீன் தெளித்தால் இளஞ்சிவப்பாகும், காரம் போன இடம் நிறம் மாறாது. உப்பை அறிய வேறு சோதனை உண்டு. பெரிய செலவுள்ள காரியங்கள் அல்ல. நம் கொத்தனார்களுக்கும் கம்பி கட்டுபவர்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி வைக்கலாம். பட்டிமன்றத்துக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் ஊரிலிருந்து ஆள் அழைக்கும் நாம், ஒருமுறை ஒரு நல்ல அமைப்புப் பொறியாளரைச் சென்னையிலிருந்து அழைத்தால் என்ன?

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வேலைக்கு உகந்த மாதங்கள் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. மே மாதம் மழை பிடித்துவிடும். ஆனால் அதே மாதங்களில்தான் தண்ணீர்த் தட்டுப்பாடு. புதுக் கான்கிரீட்டுக்குப் பத்து நாளாவது தண்ணீர் விடாவிட்டால் அதுவும் பழையதைப் போலத்தான் ஆகும். ஆகவே தளத்தை இறக்குவதையும் தூணைக் கொத்துவதையும் ஜனவரியில் முடித்து, கான்கிரீட் போடுவதைப் பிப்ரவரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஈரச் சாக்கைச் சுற்றி அதன்மேல் பாலித்தீன் தாள் கட்டினால் தண்ணீர் பாதிதான் செலவாகும். மழைக்காலத்திலேயே கூரைத் தண்ணீரைப் பிடித்து வைக்க ஒரு தொட்டி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், அது தரையில் இருக்கட்டும், மாடியில் வேண்டாம். மேல்மாடியில் குடித்தனம் இருந்தால் வேலை முடியும்வரை அவர்களுக்கு வேறிடம் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் முதல் சுத்தியலை எடுக்க வேண்டும்.